வாய்த் தப்பு

4 ஜூன் 1956, திங்கள்

அச்சகத்திலிருந்து முதல் கட்டு வந்து இறங்கியது. மூன்று வருஷமாகக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி எந்திரத்தில் போட்ட கணக்கு, இப்போது ஈய எழுத்தாகி, மை வாசனையோடு மேஜைமேல் உட்கார்ந்திருக்கிறது. சைன் அட்டவணை. கோணத்தைச் சொன்னால் அதன் சைனையும் கோசைனையும் எட்டு இலக்கத்தில் சொல்லும் புத்தகம். நிலம் அளக்கிறவனும் பாலம் கட்டுகிறவனும் நட்சத்திரம் பார்க்கிறவனும் இதைப் புரட்டித்தான் ஆக வேண்டும். ஒரு இலக்கம் பிசகினால் பாலம் ஒரு பக்கம், கரை ஒரு பக்கம் என்பார் எங்கள் தலைவர் சேஷகிரி ராவ். எட்டாவது இலக்கம் பிசகி எந்தப் பாலமும் விழாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் தலைவர் சொன்னால் தலையாட்டத்தானே வேண்டும்.

இனிமேல் எந்திரத்துக்கு ஓய்வு, தொண்டைக்கு வேலை. ஒருவர் கையெழுத்துப் பிரதியை வாய்விட்டுப் படிக்க வேண்டும். எதிரே இருப்பவர் அச்சுப் பிரதியில் அடிக்கோலை வைத்து வரிவரியாகப் பின்தொடர வேண்டும். வித்தியாசம் கண்டால் "தப்பு" என்று நிறுத்த வேண்டும். தப்பு வந்த பக்கத்தைத் திருத்திவிட்டு, பிரதிகளைக் கைமாற்றிக்கொண்டு, தலையிலிருந்து மறுபடி படிக்க வேண்டும். ஒரு தப்பைப் பிடித்த சந்தோஷத்தில் காது அடுத்த தப்பைக் கோட்டைவிடும் என்பது ராவின் சித்தாந்தம். அச்சு சரியாக இருந்து, படிக்கிறவர் நாக்குப் புரண்டு மாற்றிப் படித்துவிட்டாலும் அதே தண்டனைதான். அதற்கு வாய்த் தப்பு என்று பெயர்.

என்னோடு படிக்கப் போகிறவர் திரு. பலவேசம். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். நாற்பது வயதிருக்கும், கல்யாணம் ஆகவில்லை. நான் போட்ட கணக்கு முழுவதையும் அவரும் அடுத்த அறையில் தனியாகப் போட்டவர். இரண்டு பேர் விடையும் ஒத்தால்தான் எண் செல்லும். அதனால் ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக்கூடாது, வேலையைப் பற்றிப் பேசக்கூடாது என்று விதி. விதி வேலைக்கு மட்டும்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒரேயடியாகப் பேசாமலேயே இருந்துவிட்டோம்.

வீட்டில் அரிசியில் வண்டு. அத்தை பகல் முழுக்கப் புடைத்திருக்கிறார். தபால்காரன் இன்றும் நம் வாசலைத் தாண்டிப் போய்விட்டானாம். பதினைந்து வருஷமாகத் தாண்டிக்கொண்டுதான் இருக்கிறான்.

7 ஜூன், வியாழன்

ஏழு என்று சொல்ல இந்த மனிதருக்கு வரவில்லை. "ஏளு" என்கிறார். ஒரு பக்கத்தில் எத்தனை ஏழு வரும்! அத்தனையும் ஏளு. நானும் மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன். மற்றபடி படிப்பதில் குறை சொல்ல முடியாது. மூன்று, மூன்று, இரண்டு என்று இலக்கங்களைப் பிரித்து, ஒவ்வொரு வரிக்குப் பிறகும் ஒரு மூச்சு விட்டுப் படிக்கிறார். ஆண்பிள்ளைக்கு இவ்வளவு நிதானமான குரல் ஆகாது, கேட்டால் தூக்கம் வருகிறது.

தூக்கம் வந்தது என்று எழுதிவிட்டேன். தூங்கவில்லை. ஒரு எண்ணைக்கூடத் தவறவிடவில்லை.

15 ஜூன், வெள்ளி

மதியம் ராவ் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கதை சொன்னார். பிரெஞ்சுப் புரட்சியின்போது இப்படி ஒரு பெரிய அட்டவணை போட்டார்களாம். பிரபுக்களின் தலைகள் போய்விட்டதால் அந்தத் தலைகளை அலங்கரித்துப் பிழைத்தவர்களுக்கு வேலை இல்லை. அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கூட்டல் கழித்தலை மட்டும் கொடுத்து, கணக்கு முழுவதையும் முடித்துவிட்டார்களாம். பிற்பாடு இங்கிலாந்தில் ஒருவர் தன் நண்பரோடு உட்கார்ந்து, எங்களைப் போலவே அட்டவணை சரிபார்த்துக்கொண்டிருந்தாராம். தப்புக்குமேல் தப்பு வரவே, இந்தக் கணக்கையெல்லாம் நீராவி போட்டுத் தொலைக்கக்கூடாதா என்று வெடித்தாராம். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் கணக்கு எந்திரத்துக்கான ஏக்கம் எல்லாம் என்றார் ராவ்.

அவர் போனபிறகு பலவேசம், "நீராவி வந்திருந்தா நம்ம ரெண்டு பேரும் இங்க எதுக்கு" என்றார். பத்து நாளில் எண் அல்லாமல் அவர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் இது. "அடுத்த பக்கம்" என்றேன்.

23 ஜூன், சனி

பலவேசத்துக்கு என்ன வந்தது? அலுவலகத்திலேயே தப்பே போடாதவர் என்று பெயரெடுத்தவர். இந்த வாரம் வாய்த் தப்பாகக் கொட்டுகிறது. அச்சில் மூன்று என்று இருக்கும், கையெழுத்திலும் மூன்று என்று இருக்கும், இவர் வாயில் மட்டும் எட்டு. நான் "தப்பு" என்றவுடன் ஒரு வாதமும் கிடையாது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, பிரதியைக் கைமாற்றி, தலையிலிருந்து ஆரம்பித்துவிடுகிறார்.

தப்பு விடுவதுதான் விடுகிறார், மேல் வரியில் விடக்கூடாதா? எப்போதும் பக்கத்தின் அடியில், கடைசி இரண்டு மூன்று வரிக்குள்தான். முழுப் பக்கமும் மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது. கண் பார்வை குறைகிறதோ என்னவோ. மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். காட்டுகிறேன் என்று சிரித்தார். சிரிக்க என்ன இருக்கிறது?

வீட்டுக்குக் கத்தரிக்காய், பச்சை மிளகாய், அத்தைக்குத் தைலம்.

26 ஜூன், செவ்வாய்

இன்று எனக்கே இரண்டு வாய்த் தப்பு. ஆறு என்பதை நான்கு என்று படித்தேன். எப்படி என்று தெரியவில்லை. இரண்டும் பக்கத்தின் அடியில்.

2 ஜூலை, திங்கள்

பலவேசம் இன்று ஒரு கேள்வி கேட்டார். வீட்டில் யார் யார் என்று. சொன்னேன். சொல்லிவிட்டு வந்தபிறகு, இந்த நோட்டில் அதை ஒரு நாளும் எழுதியதில்லை என்று ஞாபகம் வந்தது.

கல்யாணமாகும்போது எனக்குப் பத்தொன்பது வயது. அத்தை பிள்ளைக்கு ரங்கூனில் ரயில்வே கணக்காபீஸில் வேலை. எட்டு மாதம் குடித்தனம் செய்துவிட்டு, வீடு பார்த்து அழைத்துக்கொள்கிறேன் என்று கப்பலேறினார். அந்த டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர், வழியில் அவரைப் பார்த்ததாகச் சொன்னார். இன்னொருவர், காய்ச்சலில் படுத்திருந்த ஒருவரைப் பார்த்தேன், அது அவராக இருக்கலாம் என்றார். அதற்குப் பிறகு ஒரு கடிதம், ஒரு தந்தி, ஒரு செய்தி கிடையாது. இருக்கிறார் என்றும் இல்லை, போனார் என்றும் இல்லை. நான் பி.ஏ. படித்தேன், வேலைக்கு வந்தேன். அத்தைக்கு என்னையும் எனக்கு அத்தையையும் தவிர வேறு யாரும் இல்லை. அத்தை இன்னும் தபால் நேரத்துக்கு வாசல் கேட்டில் போய் நிற்கிறார்.

அத்தை பிள்ளையின் குரல் எப்படி இருக்கும் என்று பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தேன். பிடிபடவே இல்லை. கப்பல் படியில் ஏறியபோது வியர்த்துப்போயிருந்த சட்டை முதுகுதான் தெரிகிறது. முகம்கூடச் சுவரில் இருக்கும் போட்டோவின் முகம்தான்.

11 ஜூலை, புதன்

ராவ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்று கேட்டார். அச்சகத்தான் தினமும் ஆள் அனுப்புகிறானாம். பிறகு ஒரு விஷயம் சொன்னார். கல்கத்தாவில் சீமையிலிருந்து மின்சாரக் கணக்கு எந்திரம் ஒன்று வந்து இறங்கியிருக்கிறதாம். ஓர் அறை முழுக்க இருக்குமாம். அதில் வேலை பார்க்கப் பலவேசத்துக்கு மே மாதமே உத்தரவு வந்துவிட்டதாம். சரிபார்க்கும் வேலை முடிந்ததும் போகிறேன் என்று இவர்தான் தவணை வாங்கியிருக்கிறாராம். "முடிச்சாப் போகலாம்னு சொன்னேன். அவர் என்னடான்னா ஆமையா நகர்றார். தப்பே போடாத மனுஷன் அம்மா அவர்" என்று ராவ் தலையில் அடித்துக்கொண்டார்.

நான் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். எதிரே பலவேசம் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். அன்று மாலைவரை ஒழுங்காகக் காதில் ஒன்றும் ஏறவில்லை. எவ்வளவு பெரிய முட்டாள் நான்! பி.ஏ. கணிதம் வேறு.

12 ஜூலை, வியாழன்

கேட்டுவிட்டேன். வேண்டுமென்றே தப்பாகப் படித்தீர்களா என்று நேராகவே கேட்டேன்.

"ஆமா" என்றார். ஒளிக்கவில்லை, மழுப்பவில்லை. "பக்கம் முடிஞ்சா கட்டு முடியும். கட்டு முடிஞ்சா நான் ரயிலேறணும். தனியாப் போவ மனசில்ல. நீங்களும் வரணும்னு கேக்கேன்."

"என் கழுத்தைப் பார்த்துட்டுப் பேசுங்க" என்றேன்.

"மூணு வருசமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

பிறகு மெதுவாக, எண் படிக்கிற அதே குரலில், எல்லாவற்றையும் சொன்னார். போன வருஷம் வந்த சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறதாம். ஏழு வருஷம் புருஷன் உயிரோடிருப்பதாகத் தகவல் இல்லையென்றால் கோர்ட்டில் விடுதலை கேட்கலாமாம். தகவல் வந்தால் யாருக்கு வருமோ அவர்கள் வந்து சாட்சி சொல்ல வேண்டும். அதாவது அத்தை. பெற்ற தாயே கூண்டில் ஏறி, என் பிள்ளையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்ல வேண்டும். வக்கீலிடம் கேட்டு வைத்திருக்கிறார்.

பொங்கிவிட்டேன். கணக்கு வேலையை விளையாட்டாக்கிவிட்டீர்கள் என்றேன். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படிச் செய்ய வெட்கமாக இல்லையா என்றேன். தினம் கேட்டில் போய் நிற்கிற மனுஷியிடம் போய் இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழும்புமா என்றேன். நாளையிலிருந்து ஒழுங்காகப் படியுங்கள், இல்லாவிட்டால் ராவிடம் வேறு ஆள் கேட்பேன் என்றேன்.

"சரிம்மா. தப்புதான்" என்றார். தலை குனிந்தபடி அடுத்த பக்கத்தை எடுத்தார்.

நான் சொன்னதெல்லாம் நியாயம்தான். ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப வாங்க வேண்டியதில்லை.

20 ஜூலை, வெள்ளி

ஒரு வாரமாக ஒரு வாய்த் தப்பு இல்லை. பக்கங்கள் பறக்கின்றன. அச்சகத்தின் தப்பு ஏதாவது இருந்தால் பிடிக்கிறோம், திருத்துகிறோம், போகிறோம். ராவுக்கு வாயெல்லாம் பல். என்ன மந்திரம் போட்டீர்கள் அம்மா என்கிறார்.

இவ்வளவு சுத்தமாகப் படிக்கிற மனிதரைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கோபித்துக்கொண்டாவது படிக்கக்கூடாதா? மூச்சு விடுகிற இடத்தில்கூட மாற்றமில்லை.

27 ஜூலை, வெள்ளி

அட்டவணையில் தப்பு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு. அடுத்தடுத்த எண்களைக் கழித்து, வந்த விடைகளையும் அப்படியே கழித்து, நான்கு தடவை செய்தால், நல்ல அட்டவணை அடங்கி ஒழுங்காகிவிடும். ஓர் எண்ணில் ஒன்று பிசகியிருந்தால் அந்தப் பிசகு மேலும் கீழுமாக ஐந்து வரிகளைக் கெடுத்து, நடுவில் ஆறு மடங்காகி நிற்கும். மறைக்கவே முடியாது.

அன்றைக்கு நான் மறுத்தது ஒரே ஒரு தடவைதான். சாப்பாடு கெட்டது. தூக்கம் கெட்டது. அத்தையிடம் எரிந்து விழுகிறேன். பால்காரனோடு சண்டை. நேற்று பேருந்தில் நடத்துநர் "ஏளு" என்று யாரிடமோ சொன்னான், நான் திரும்பிப் பார்த்தேன்.

2 ஆகஸ்ட், வியாழன்

ஆடிப் பதினெட்டு. அரைநாள் விடுப்பு போட்டேன். சித்திரான்னம் நான்கு வகை. தேங்காய் சாதத்தில் உப்பு கூடிவிட்டது.

ஒவ்வொரு வருஷமும் போலவே அத்தை என்னைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்துத் தாலிச்சரடு மாற்றினார். புதுச் சரட்டில் மஞ்சள் ஈரம். அத்தைக்கு விரல் முன்போல மடங்கவில்லை. முடிச்சு போட நேரமானது. நான் குனிந்தே இருந்தேன். பின்கழுத்தில் அத்தையின் மூச்சு பட்டது. இப்போதே சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அதற்குள் அத்தை என் முன்னால் வந்து குங்குமம் வைத்து, "அடுத்த ஆடிக்குள்ள வந்துடுவான், பாரேன்" என்றார். இதையும் வருஷா வருஷம் சொல்வார்.

சாயங்காலம் எங்களுக்கு அலுவலகம் இல்லாத நேரம். பலவேசம் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார் என்று நினைத்தேன். அவர் எங்கே சாப்பிடுகிறார் என்றுகூட எனக்குத் தெரியாது.

6 ஆகஸ்ட், திங்கள்

இதை எழுதிவிட்டால் பொய் சொல்ல முடியாது என்றுதான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். போகட்டும்.

எனக்கு அந்தக் குரல் வேண்டும். காலையில் எழுந்ததும் வேண்டும். மூன்று, மூன்று, இரண்டு என்று அது இறங்கி வருவதை உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. கத்தரிக்காய் விலையைச் சொன்னாலும் போதும், பேருந்து வரவில்லை என்று குறைப்பட்டாலும் போதும். முப்பத்தைந்து வயதில் இப்படி ஒரு ஆசை வந்து உட்காருமா என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. வந்து உட்கார்ந்துவிட்டது.

கட்டு மெலிந்துகொண்டே போகிறது. முப்பத்தெட்டாம் பாகை முடிந்தது. நாற்பத்தைந்தோடு அட்டவணை முடியும். அதற்குமேல் சைனும் கோசைனும் இடம் மாறிக்கொண்டு அதே எண்கள் திரும்ப வருவதால் அச்சடிக்கத் தேவையில்லை. அது முடிந்ததும் அவர் கல்கத்தா போய்விடுவார். எந்திரத்துக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பார். அந்த எந்திரத்துக்கு யாரும் வாய்விட்டுப் படிக்க வேண்டியதில்லையாம்.

14 ஆகஸ்ட், செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

ஒத்திகை பார்த்ததெல்லாம் ஒன்றுக்கும் ஆகவில்லை. அத்தை அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கோர்ட்டுக்கு மனு எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னேன். எதற்கு மனு என்று கேட்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. கீரையை ஆய்ந்துகொண்டே, யார் என்று மட்டும் கேட்டார். பலவேசத்தின் பெயரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். கல்கத்தா போகிறார் என்றும் சொன்னேன்.

"கோர்ட்டுல என்னைக் கூப்பிட்டு என்ன கேப்பாங்க?"

உங்கள் பிள்ளையிடமிருந்து ஏதாவது தகவல் வந்ததா என்று கேட்பார்கள் என்றேன்.

அத்தை சொன்னார்: "கடுதாசி வரலைன்னு சொல்லுவேன். அது நிஜம். செத்துட்டான்னு மட்டும் எந்த ஜட்ஜு கேட்டாலும் எங்கிட்டேருந்து வராது. எனக்கு அவன் இருக்கான். உனக்கு இல்லேன்னா, நீ சொல்லிக்கோ."

நான் அழுதேன். அத்தை அழவில்லை. அவரும் எங்களோடு கல்கத்தா வர வேண்டும் என்றேன். அதற்கு மட்டும் கோபம் வந்துவிட்டது. அவன் வந்து பூட்டின வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகவா, இந்த வாசலை விட்டு நான் எங்கேயும் வரமாட்டேன் என்று எழுந்து போய்விட்டார். ஆனால் சாப்பாட்டுக்கு வந்தார். ரசம் நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அத்தையை இங்கே தனியாக விட்டுவிட்டு நான் எப்படிப் போவது? விடாமல் இருந்தால் பலவேசத்தை எப்படி விடுவது?

18 ஆகஸ்ட், சனி

பலவேசம் ரயிலுக்குப் பெயர் கொடுத்துவிட்டார். அடுத்த ஞாயிறு. ராவ்தான் சொன்னார், பலவேசம் என்னிடம் சொல்லவில்லை. நானும் மனு விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அத்தனை பேச்சுப் பேசி விரட்டியவள், இப்போது போய் என்னவென்று ஆரம்பிப்பது? எட்டு இலக்கத்தை மடமடவென்று சொல்கிற வாய்க்கு இந்த நான்கு வார்த்தை வரவில்லை.

22 ஆகஸ்ட், புதன்

இன்று கடைசிப் பக்கம்.

பலவேசம் படித்தார், நான் அடிக்கோலை நகர்த்தினேன். வெளியே காற்று. ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எழுந்து போய்க் கொக்கி மாட்டிவிட்டு வந்து விட்ட இடத்தில் தொடங்கினார். ஒரு தப்பு இல்லை. அச்சகத்தானும் ஒரு தப்பு செய்யாமல் தொலைத்திருக்கிறான். பாதிப் பக்கம் போனது. முக்கால் போனது. என் அடிக்கோலுக்குக் கீழே ஐந்து வரி, பிறகு மூன்று, பிறகு ஒன்று. நாற்பத்தைந்து பாகை. அங்கே சைனும் கோசைனும் ஒரே எண். பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்குக்கூட மனப்பாடமாகத் தெரிந்த எண்.

"ஏளு பூஜ்யம் ஏளு, ஒண்ணு பூஜ்யம் ஆறு, ஏளு எட்டு" என்று படித்து நிறுத்தினார்.

"தப்பு" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் பிரதியைப் பார்த்தார். எழுந்து வந்து என் அச்சுப் பிரதியில் விரல் வைத்துப் பார்த்தார். அடுத்த அறையிலிருந்து ராவ் ஓடி வந்தார். அச்சகத்து ஆள் கீழே காத்துக்கொண்டிருக்கிறான், நாற்பத்தைந்து பாகைக்கா தப்பு, சின்னக் குழந்தைகூடச் சொல்லுமே என்று பதறினார். மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டு அவரும் பார்த்தார். இரண்டு ஆண்பிள்ளைகளும் அந்த எட்டு இலக்கத்தை மேலும் கீழும் தடவிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பலவேசத்துக்கு முகம் சுருங்கிப்போனது. "நான் செஞ்சதைக் குத்திக் காட்டுதீங்களா? போற நேரத்துல வேண்டாமே" என்றார், ராவுக்குக் கேட்காத குரலில்.

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. ராவ் நிற்கிறார் என்றும் பார்க்கவில்லை.

"எண்ணுல தப்பு இல்ல. நான் அன்னைக்குச் சொன்னதுதான் தப்பு. கோர்ட்டுல மனு கொடுக்கப் போறேன். முடிய ஒரு வருஷமாகும், ரெண்டும் ஆகலாம். அதுவரைக்கும் நீங்க எனக்காகக் காத்திருக்கணும். காத்திருக்கிறது என்னன்னு தெரிஞ்சவதான் கேக்கறேன்."

ராவ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அறையைவிட்டு வெளியே போனார். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "தப்புன்னு கூப்பிட்டாச்சு. பக்கத்தை மறுபடி படிச்சுடுங்க, விதி விதிதான்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பலவேசம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்பம் ரெண்டு அறை உள்ள வீடாத்தான் பாக்கணும்" என்றார். "அத்தைக்கு ஒரு அறை வேணும்லா."

அத்தை வரமாட்டார் என்றேன். வாசலை விட்டு நகரமாட்டார், பிள்ளை வந்தால் எங்கே போவான் என்கிறார் என்றேன்.

"நாம அவங்களை விட்டுட்டு இருக்க முடியாதுல்லா" என்றார். "இன்னொரு தரம் கேளுங்க. வர வரைக்கும் கேப்போம்."

பிரதிகளைக் கைமாற்றிக்கொண்டோம். நான் படித்தேன், அவர் பின்தொடர்ந்தார். பாதிப் பக்கத்தில் நான் நிறுத்தினேன். அவர் தண்ணீர் எடுத்துவந்து வைத்தார். பக்கம் முடிய வழக்கத்தைவிட நேரமாயிற்று. அச்சகத்து ஆள் கோபமாகத்தான் வாங்கிக்கொண்டு போனான்.

27 ஆகஸ்ட், திங்கள்

நேற்று ரயில் போய்விட்டது. நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. கோர்ட்டு வேலை முடிகிறவரை அதெல்லாம் கூடாது என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். வண்டி கிளம்பும் நேரத்தில் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்த குடத்தையே மறுபடி தேய்த்திருக்கிறேன். அத்தைதான் சொன்னார்.

இன்று காலை மனுவில் கையெழுத்து போட்டேன். அத்தை பிள்ளையின் பெயரை என் கையால் எழுத வேண்டியிருந்தது. தணிகாசலம். முதன்முதலாக எழுதுகிறேன். எழுதியபிறகு அந்தப் பெயரைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம், அப்போது அவருக்கும் இருபத்தாறு வயதுதானே. யார் தண்ணீர் கொடுத்தார்களோ, கொடுத்தார்களோ இல்லையோ.

அலுவலகத்தில் அந்த அறை காலியாக இருக்கிறது. எதிர் நாற்காலியில் யாரோ பழைய தாள்களை அடுக்கிவிட்டார்கள். எல்லாவற்றையும் எடுத்துக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அத்தை தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டே, வந்த காலோடு நிற்கிறாயே, உட்கார் என்றார். உட்கார்ந்தேன். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"கல்கத்தாவுலேருந்து ரங்கூன் எவ்வளவு தூரம்?"

"இங்கேருந்து போறதைவிடக் கிட்ட, அத்தை. அங்கேருந்து கப்பல் இருக்கு."

"அப்படின்னா அங்கேருந்து வர்றவங்களும் அங்கதானே வந்து எறங்குவாங்க?"

எனக்குப் புரிந்தது. அத்தை கரண்டியை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை பிள்ளையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை என்று காலையில்தான் கையெழுத்து போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

"ஆமா அத்தை," என்றேன். "அவர் வந்தா அங்கதான் எறங்குவார்."

"அப்போ நானும் வரேன்" என்றார் அத்தை.